மஞ்சள் அட்டை இருநூற்றுப் பதினேழு

மதிப்பிற்குரிய வாய்மொழித் தேர்வாளர் அவர்களுக்கு,

வணக்கம். தாங்கள் ஐயாவா அம்மாவா என்பது எனக்குத் தெரியாது. விமானப் பயிற்சிப் பள்ளிக்குப் போன் செய்து கேட்டதில் சொல்ல மறுத்துவிட்டார்கள். ஆகவே கடிதம் முழுக்கத் 'தாங்கள்' என்றே எழுதுகிறேன். அதில் இரு பாலாருக்கும் மரியாதை குறையாது. தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் எந்தக் குறையும் இல்லாமல் இருக்க வேண்டும், தாங்கள் ஏறுகிற விமானங்கள் எல்லாம் ஏறிய எண்ணிக்கைக்குச் சரியாக இறங்கவும் வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். இங்கே நானும் என் மனைவியும் நலம். நலம் என்பது கடித வழக்கத்துக்காக எழுதியது. என் மனைவி நலம். எனக்கு மூன்று நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். மேகத்துக்குள் வெளியே ஒன்றும் தெரியாதபோது கருவிகளை மட்டும் பார்த்து விமானம் ஓட்டும் தகுதிக்காக, வருகிற வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு ஒரு பெண் தங்கள் முன்னால் வந்து உட்காரப்போகிறாள். உயரமாக இருப்பாள், பதற்றம் வந்தால் இடது காதைத் தடவுவாள். அவளுடைய தகப்பன் நான். இது அவளுக்கு இரண்டாவது முயற்சி. பத்தொன்பது பேர் உட்காருகிற சின்ன விமானங்களை ஓட்டும் நிறுவனம் ஒன்று அவளுக்காக ஓர் இடம் வைத்திருக்கிறது. இந்த மாதக் கடைசிக்குள் தேர்ச்சி பெறாவிட்டால் அந்த இடம் வேறொருவருக்குப் போய்விடும். இப்படிப்பட்ட நிலையில், வெள்ளிக்கிழமை அவள் ஒரு குறிப்பிட்ட கேள்விக்குத் தவறாகப் பதில் சொல்லக்கூடும். அந்தத் தவறு அவளுடையது அல்ல, என்னுடையது. இதைத் தங்களிடம் ஒப்புக்கொள்ளத்தான் இந்தக் கடிதம்.

நான் பொது நூலகத்தில் முப்பத்தொரு வருடம் நூல்களை வகைப்படுத்தும் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். எந்தப் புத்தகம் எந்த அலமாரிக்கு என்று முடிவு செய்வதுதான் வேலை. அந்த வேலையில் ஒரு சௌகரியம் உண்டு: ஒரு புத்தகம் ஒரே நேரத்தில் இரண்டு அலமாரிகளில் நிற்க முடியாது. ஓய்வு பெற்ற பிறகு வீட்டில் மசாலா டப்பாக்களை வகைப்படுத்தினேன், மனைவி மறுநாளே கலைத்துவிட்டாள். அவள் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ், அவளுக்கென்று ஒரு வரிசை இருக்கிறது. இப்படி நான் சும்மா உட்கார்ந்திருந்தபோதுதான் ஆறு மாதத்துக்கு முன்னால் மகள் போன் செய்தாள். "அப்பா, இந்த விதியெல்லாம் படிக்கப் படிக்க மறந்து போகுதுப்பா" என்றாள். "புத்தகத்தை எனக்கு அனுப்பு" என்றேன். "அதை வெச்சு நீங்க என்னப்பா பண்ணுவீங்க?" என்று சிரித்தாள். "அடுக்குவேன்" என்றேன். அப்புறம் "சரிப்பா, அனுப்பறேன்" என்றாள். அவள் என்னிடம் உதவி என்று கேட்டு எத்தனையோ வருடம் ஆயிற்று. அன்றைக்கு எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

புத்தகம் வந்தது. அறுநூறு பக்கம். ஒவ்வொரு வாக்கியமும் 'மேற்கூறியது பொருந்தாத இடங்கள் நீங்கலாக' என்றே தொடங்குகிறது. இதை எழுதியவர் வீட்டில் ஒரு டம்ளர் தண்ணீர் வேண்டுமென்றால் எப்படிக் கேட்பார் என்று யோசித்துப் பார்த்தேன். இருந்தாலும் நான்கு வாரம் படித்து சாரத்தைப் பிடித்துவிட்டேன். தங்களுக்குத் தெரியாததல்ல, நான் புரிந்துகொண்டது சரியா என்று தாங்கள் பார்ப்பதற்காகச் சொல்கிறேன். விமானத்துக்கு வழி சொல்வது இரண்டு வகை. தரையில், குன்றின் மேலோ ஓடுபாதைக்குப் பக்கத்திலோ ஒரு நிலையத்தைக் கட்டி, அதிலிருந்து ரேடியோ அலை அனுப்பி, 'நான் இங்கே இருக்கிறேன், நீ எனக்கு இந்தப் பக்கம் இருக்கிறாய்' என்று சொல்வது ஒரு வகை. வானத்தில் சுற்றும் செயற்கைக்கோள்கள் விமானத்தில் உள்ள கருவிக்குக் கணக்குக் கொடுத்து இடத்தைக் காட்டுவது இன்னொரு வகை. விதிகள் எந்தப் பாதைக்கு எது, எந்த இறங்குமுறைக்கு எது என்று பிரிக்கின்றன. எனக்கு அவ்வளவு நிம்மதி. இரண்டே அலமாரி! கடைக்குப் போய் இரண்டு நிறத்தில் அட்டை வாங்கினேன். வானத்துக்கு நீலம், மண்ணுக்கு மஞ்சள். முன்பக்கம் கேள்வி, பின்பக்கம் பதில், மூலையில் வரிசை எண். எல்லாவற்றுக்கும் ஒரு நகல் எடுத்து வீட்டில் வைத்துக்கொண்டேன், அது பழைய அலுவலகப் பழக்கம். நூற்றுத்தொண்ணூறு அட்டை வரை ஒரு சிக்கலும் இல்லை.

அதற்கப்புறம் வந்தது அந்த அத்தியாயம். அதில் என்ன சொல்கிறார்கள் என்றால், தரைநிலையத்துக்காக வரைந்த, தரைநிலையத்தின் பெயரையே தாங்கிய சில இறங்குமுறைகளைச் செயற்கைக்கோள் கருவியை வைத்தும் பறக்கலாமாம், சில இடங்களில் அந்தத் தரைநிலையம் பழுதாகிக் கிடந்தாலும்கூடப் பறக்கலாமாம். பெயர் தரை, வேலை வானம். இதை எந்த அலமாரியில் வைப்பது? நான் இரண்டு நாள் கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்தேன். மூன்றாம் நாள் விடை கிடைத்தது. நீலமும் மஞ்சளும் கலந்தால் பச்சை! உடனே கடைக்கு ஓடினேன். கடைக்கார அம்மாள், "பச்சை வர்றதில்லை சார். ரோஸ் இருக்கு, தரட்டுமா?" என்றாள். "ரோஸ் எப்படிம்மா சரியாகும்? நீலமும் மஞ்சளும் சேர்ந்தா ரோஸ் வருமா?" என்றேன். "சார், உங்களுக்கு அட்டை வேணுமா, நியாயம் வேணுமா?" என்று கேட்டாள். பின்னால் நான்கு பேர் நின்றிருந்தார்கள். நான் இரண்டும் வாங்காமல் திரும்பி வந்தேன். அந்தக் கடையில் அன்றைக்குப் பச்சை அட்டை இருந்திருந்தால் இந்தக் கடிதத்துக்கே அவசியம் வந்திருக்காது.

பச்சை இல்லாததால், பெயரில் தரை இருக்கிறது, ஆகவே மஞ்சள் என்று முடிவு கட்டினேன். தலைப்பை மட்டும் பார்த்து வகைப்படுத்துவது எங்கள் தொழிலில் பெரிய பாவம். இது எனக்குத் தெரியாததல்ல. வேலைக்குச் சேர்ந்த புதிதில் தலைப்பில் 'இதயம்' என்று இருந்த ஒரு காதல் கதையை மருத்துவப் பிரிவில் வைத்துவிட்டேன். மருத்துவக் கல்லூரி மாணவர் ஒருவர் அதை இரண்டு தடவை புதுப்பித்து வைத்திருந்தார். கடைசியில் திருப்பிக் கொடுக்கும்போது, "தேர்வுக்கு உபயோகப்படலை சார், ஆனா ரொம்ப நல்லா இருந்துச்சு" என்றார். அன்றே உள்ளே பார்க்காமல் எதையும் அடுக்குவதில்லை என்று சபதம் எடுத்தேன். முப்பது வருடம் காப்பாற்றிய சபதத்தை என் சொந்தப் பெண் விஷயத்தில் விட்டுவிட்டேன்.

நான் கவனமில்லாமல் செய்தேன் என்று தாங்கள் நினைத்துவிடக் கூடாது. விதிகளை நடந்தே சோதித்துப் பார்த்தவன் நான். மனைவி வேலை முடிந்து வரும்போது ஆஸ்பத்திரி வாசலில் போய் அழைத்து வருவது என்று ஏற்பாடு. அதற்கு முன் அந்த வழியில் அவளோடு பேசிக்கொண்டே நடந்திருக்கிறேனே தவிர, வழியை நான் கவனித்ததே இல்லை. முதல் நாள் போனை வீட்டில் வைத்துவிட்டு, தரை அடையாளங்களை மட்டும் நம்பிப் போனேன். மாடிப்படி வெளியே தெரியும் வங்கி, சிவப்புக் கதவு பேக்கரி, அங்கே வலது பக்கம். பேக்கரிக் கதவுக்கு அந்த வாரம்தான் வெள்ளை அடித்திருக்கிறார்கள். சிவப்புக் கதவைத் தேடிக்கொண்டு பேருந்து பணிமனை வரைக்கும் போய்விட்டேன். மறுநாள் அடையாளம் எதையும் பார்க்காமல் போன் சொன்னபடி போனேன். அது மிகுந்த மரியாதையோடு 'தாங்கள் வந்து சேர்ந்துவிட்டீர்கள்' என்றது. எதிரே ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்துப் பின்சுவர். கணக்குச் சரி, இடமும் சரி, நடுவில் மட்டும் பத்தடிச் சுவர். மனைவி முன்வாசலில் நாற்பது நிமிடம் நின்றிருக்கிறாள். "எட்டு மணி நேரம் நின்னுட்டு வந்தவளை இன்னும் நிக்க வெச்சுட்டு, எங்க போனீங்க?" என்றாள். "பின்பக்கம் இருந்தேன். கணக்குப்படி பார்த்தா உன் பக்கத்துலதான்" என்றேன். வீடு வரைக்கும் அவள் எனக்குப் பத்தடி முன்னாலேயே நடந்தாள்.

ஆனால் அந்த இரண்டு நாளில் ஒரு விதி எனக்கு ஆழமாகப் பதிந்தது. செயற்கைக்கோளை நம்பிப் போகிற விமானம், போகிற ஊரில் இறங்க முடியாவிட்டால் ஒதுங்குவதற்கு இன்னொரு விமான நிலையத்தை முன்கூட்டியே குறித்துவைக்க வேண்டும் அல்லவா? விமானத்தில் இருப்பது சாதாரண ரகக் கருவி என்றால், ஒதுங்குகிற இடத்தில் செயற்கைக்கோள் உதவியே இல்லாமலும் இறங்க வழி இருக்க வேண்டும். எவ்வளவு அழகான விதி! ஒன்று கைவிட்டால் மற்றது காப்பாற்ற வேண்டும், இரண்டும் ஒன்றாகக் கைவிடக் கூடாது. இதைப் படித்துவிட்டு எழுதியவரைப் பற்றி நான் முன்பு நினைத்ததற்காக மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். அந்த உற்சாகத்தில் எழுதியதுதான் மஞ்சள் அட்டை இருநூற்றுப் பதினேழு.

அதன் கேள்வி இது: 'ஒதுங்கும் நிலையத்தில் தரைநிலையத்தின் பெயரிலுள்ள இறங்குமுறை ஒன்று மட்டுமே உண்டு. அந்தத் தரைநிலையம் பழுதுபார்ப்புக்காக மூடப்பட்டிருக்கிறது. ஆனால் அதே முறையைச் செயற்கைக்கோளைக் கொண்டு பறக்க அனுமதி உண்டு. இந்த நிலையம் போதுமா?' பின்பக்கம் என் பதில்: 'தாராளமாகப் போதும். போகிற ஊர் நீலம், ஒதுங்கும் ஊர் மஞ்சள். இரண்டும் வெவ்வேறு வகை.' கீழே கோடு வேறு போட்டிருக்கிறேன். சிவப்பு மையில்.

இந்தப் பதிலைச் சரிபார்க்காமல் அனுப்பினேனா என்றால், அதுவும் இல்லை. எதிர்வீட்டில் ஒருவர் இருக்கிறார். முப்பது வருடம் கப்பலில் இருந்தவர், தெருவே அவரைக் கப்பல்காரர் என்றுதான் கூப்பிடும். கடலில் வழி கண்டுபிடித்தவருக்கு வானம் தெரியாமல் இருக்குமா என்று நானூற்றுப் பன்னிரண்டு அட்டைகளையும் தூக்கிக்கொண்டு அவரிடம் போனேன். ஒவ்வொன்றையும் தூரமாகப் பிடித்துப் பார்த்து, தலையை ஆட்டி, மூலையில் கையெழுத்துப் போட்டார். இருநூற்றுப் பதினேழைப் பார்த்து, "பிரமாதம்" என்றே சொன்னார். அட்டைகளைப் பெட்டியில் அடுக்கி, ரப்பர் பேண்ட் போட்டு, கூரியரில் மகளுக்கு அனுப்பினேன். அவளும் 'வந்துவிட்டது அப்பா, எவ்வளவு அழகான கையெழுத்து' என்று செய்தி அனுப்பினாள். தேர்வு முடியும் வரை போன் பண்ணாதீங்க என்றும் அதிலேயே சொல்லியிருந்தாள்.

போன ஞாயிற்றுக்கிழமை மனைவி தலைவாரிக்கொண்டே நகல் பெட்டியிலிருந்து ஓர் அட்டையை உருவினாள். நூற்றுக்கணக்கில் இருக்கிற அட்டைகளில் அவள் கைக்கு வந்தது அதுதான். படித்தாள். திருப்பிப் பார்த்தாள். "என்னங்க, மேல இருக்கிற சாட்டிலைட் வேலை செய்யலைன்னுதானே இவ முதல் ஊரை விட்டுட்டு இங்க வர்றா?" என்றாள். "அப்படியும் இருக்கலாம்" என்றேன். "இங்க தரையில இருக்கிறது ரிப்பேர். அப்ப இங்கயும் அதே சாட்டிலைட்டைப் பார்த்துத்தானே இறங்கணும்?" என்றாள். நான் அட்டையை வாங்கித் திருப்பிப் பார்த்தேன். "எங்க தியேட்டர்ல கரண்ட் போனா ஜெனரேட்டர் ஓடும். அந்த ஜெனரேட்டரும் அதே கரண்ட்லதான் ஓடும்னா, வயித்தைத் திறந்து வெச்சிருக்கிற ஆளுக்கு என்ன பதில் சொல்றது?" என்று கேட்டுவிட்டு, சீப்பில் இருந்த முடியை எடுத்துப் போட்டாள். முப்பத்தொரு வருடம் படித்துப் படித்து அடுக்கியவன் நான். அவள் தலைவாருகிற நேரத்தில் கண்டுபிடித்துவிட்டாள்.

அப்போதிருந்து நான் படுகிற பாடு கொஞ்சமல்ல. நான் கூப்பிட்டால் மகள் போனை எடுப்பதே இல்லை. கூரியர் அலுவலகத்துக்குப் போய்ப் பெட்டியைத் திரும்ப எடுக்க முடியுமா என்றேன். "டெலிவரி ஆகி ஒரு மாசம் ஆச்சு சார்" என்றான் அங்கே இருந்தவன். "ஒரே ஒரு அட்டை மட்டும்" என்றேன். அவன் அடுத்த ஆளைக் கூப்பிட்டான். பயிற்சிப் பள்ளி அலுவலகத்துக்குப் போன் செய்து, என் மகளிடம் இருநூற்றுப் பதினேழு தவறு என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்றேன். "உங்க பொண்ணுக்கு என்ன வயசு சார்?" என்றாள் அங்கே போனை எடுத்த அம்மாள். "இருபத்தாறு" என்றேன். பெருமூச்சு கேட்டது. பெயரைக் கேட்டாள், ஏதோ பதிவேட்டைப் புரட்டினாள், திரும்பி வந்து, "சார், நீங்க உங்க வீட்டுலயே கேட்டுக்கங்களேன்" என்று வைத்துவிட்டாள். வீட்டில் யாரைக் கேட்பது? மனைவியோ, "சரியாயிடும், சாப்பிடுங்க" என்பதைத் தவிர வேறெதுவும் சொல்லவில்லை. பெற்ற தாய்க்கு இவ்வளவு கல்நெஞ்சம் ஆகாது என்று சண்டைகூடப் போட்டேன்.

கடைசியாகக் கப்பல்காரரிடம் ஓடினேன். "சார், நீங்க பிரமாதம்னு சொன்னீங்களே, இது தப்பாம்" என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டினார். மறுபடி கழற்றினார். "நான் கப்பல்ல சமையல்கட்டுல இருந்தேன் சார்" என்றார். "முப்பது வருஷமுமா?" "முப்பது வருஷமும். வெங்காயம் உரிக்கிறதுல ஆரம்பிச்சு ஹெட் குக் ஆனேன். வழியெல்லாம் மேல இருந்தவங்க பார்த்துக்குவாங்க. நீங்க அவ்வளவு ஆசையா கொண்டு வந்தீங்க, மனசு வரலை." "அப்ப எதைப் பார்த்து சார் பிரமாதம்னீங்க?" "கையெழுத்தை" என்றார். அவரைக் கோபித்துக்கொள்ளவும் முடியவில்லை. டீ போட்டுக் கொடுத்தார், நன்றாகவே இருந்தது.

ஆகவே தங்களிடம் கைகட்டி நின்று கேட்டுக்கொள்கிறேன். முடிந்தால் வெள்ளிக்கிழமை ஒதுங்கும் நிலையம் பற்றிய அந்தக் கேள்வியைக் கேட்காதீர்கள். இருநூற்றுப் பதினெட்டைக் கேளுங்கள், அது மேகத்தின் உயரம் பற்றியது, அதில் என் பதில் சரி, மனைவியும் பார்த்துவிட்டாள். கேட்டே ஆக வேண்டும் என்றால், அவள் 'தாராளமாகப் போதும்' என்று சொன்னவுடன் பேனாவை எடுத்துவிடாதீர்கள். 'அந்தத் தரைநிலையம் மூடியிருக்கிறதே' என்று ஒரே ஒரு வார்த்தை எடுத்துக் கொடுங்கள். அவள் கெட்டிக்காரி, தன் அம்மாவின் மூளை, பிடித்துக்கொள்வாள். காதைத் தடவ ஆரம்பித்தால் குடிக்கத் தண்ணீர் கொடுங்கள். அப்படியும் தோற்கடித்துத்தான் ஆக வேண்டும் என்றால், எந்தப் பதிவேட்டிலாவது என் பெயரை எழுதி அதன்மேல் தோல்வி என்று போடுங்கள். எங்கே வரச் சொன்னாலும் வந்து கையெழுத்திடுகிறேன். ஒரு பெண் சிறு வயதிலிருந்து ஆசைப்பட்ட ஒன்று, அவள் அப்பாவுக்குப் பச்சை அட்டை கிடைக்காத காரணத்தால் கைநழுவிப் போகக் கூடாது.

தங்கள் வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கமும், சிறியவர்களுக்கு என் ஆசியும் சொல்லவும். தங்கள் பிள்ளைகள் தங்களிடம் உதவி கேட்டால், யோசித்துச் செய்யவும்.

இப்படிக்கு,
அழவில்லை, ஆனால் அதற்கு வெகு பக்கத்தில் இருக்கும்
தங்கள் உண்மையுள்ள
ஒரு தகப்பன்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகிற நேரத்தில் மனைவி வந்து, மேசை மேலிருந்த பக்கங்களை எண்ணிப் பார்த்து, "போதும், இதுக்கு மேல என்னால முடியாது" என்று சொல்லி உட்கார்ந்தாள். தேர்வு வருகிற வெள்ளிக்கிழமை இல்லையாம். போன வியாழக்கிழமையே முடிந்துவிட்டதாம். மகள் தேறிவிட்டாளாம். வெள்ளிக்கிழமை நேரில் வந்து என்னிடம் சொல்வதாக இருந்தாளாம், அதுவரை மூச்சு விடக் கூடாது என்று அம்மாவிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள். கப்பல்காரருக்கும் தெரியுமாம். நான்தான் பாக்கி. மனைவியே போன் போட்டுக் கொடுத்தாள். "ஏம்மா எனக்குத் தேதியை மாத்திச் சொன்னே?" என்றேன். "போன தடவை தேர்வு நடக்கிறப்ப நீங்க ஏழு தடவை போன் பண்ணீங்கப்பா. பையில அதிர்ந்துகிட்டே இருந்துச்சு. என்னால எதையும் யோசிக்க முடியலை" என்றாள். இதை இத்தனை நாள் அவள் என்னிடம் சொல்லவே இல்லை. அதற்குள் அவளே, "ஆனா இந்தத் தடவை பாஸ்ப்பா! அடுத்த மாசம் வேலைக்கு வரச் சொல்லிட்டாங்கப்பா!" என்று கத்தினாள்.

ஆகவே மேலே கேட்ட கருணையை எல்லாம் தயவுசெய்து அழித்துவிடவும். இப்போது கேட்பது வேறு. போன வியாழக்கிழமை தாங்கள் அந்தக் கேள்வியை அவளிடம் கேட்டீர்களா? கேட்கவில்லை என்றால் உடனே கூப்பிட்டுக் கேளுங்கள். எடுத்துக் கொடுக்க வேண்டாம், தண்ணீரும் கொடுக்க வேண்டாம். 'தாராளமாகப் போதும்' என்று சொன்னால், கொடுத்த தேர்ச்சியைத் தயங்காமல் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த மாதம் முதல் அவளுக்குப் பின்னால் பத்தொன்பது பேர் அவளை நம்பி உட்காரப்போகிறார்கள், அவர்களுக்கும் வீட்டில் அப்பா அம்மா உண்டு. போனிலேயே நீ கேட்டிருக்கலாமே என்பீர்கள். கேட்கத்தான் வாயெடுத்தேன். ஆனால் இவ்வளவு சந்தோஷமாக அவள் என்னோடு பேசி வெகு காலம் ஆகிறது. "சாப்பிட்டியாம்மா?" என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். அதனால் தாங்கள் கேளுங்கள். நான் கேட்கச் சொன்னேன் என்று மட்டும் அவளிடம் சொல்ல வேண்டாம்.